தங்கியவரும் திரும்பியவரும்

முன்பின் அறியாத ஒரு நகரத்தை நண்பர் ஒருவருடன் சேர்ந்து சுற்றிப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது. ஒருவர் கவனிக்கத் தவறியதை மற்றவர் சுட்டிக் காட்டுகிறார். வழி தவறினால் விசாரித்து வர ஒருவர், மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். இரவில் விடுதிக்குத் திரும்பியதும், அன்று கண்டவற்றைப் பேசிப் பேசி மீண்டும் ஒருமுறை காண முடிகிறது. ஊர் திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பேச்சு தொடர்வதுண்டு.

சில வேளைகளில் அந்தப் பேச்சின் நடுவே ஒரு கேள்வி எழுகிறது. சென்ற ஊரில் தெருக்கள் தூய்மையாக இருக்கின்றன. மக்கள் பொறுமையாக வரிசையில் நிற்கிறார்கள். கல்விக்கூடங்களில் ஆசிரியரும் மாணவரும் தத்தம் பணியில் ஊன்றி நிற்கிறார்கள். நம் ஊரில் இல்லாத ஒரு நன்மை அங்கே இருப்பது கண்கூடாகத் தெரிகிறது. 'இங்கேயே இருந்துவிடலாம்' என்கிறார் ஒருவர். 'இதை நம் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும்' என்கிறார் மற்றவர். இருவரில் யார் சொல்வது அறம்? நல்லதைக் கண்டவனிடம் அந்த நல்லது எதை எதிர்பார்க்கிறது? தன்னோடு தங்கிவிடுவதையா, தன்னைச் சுமந்து செல்வதையா?

வெளிநாடு செல்லும் நம் இளைஞர்கள் பலரின் உள்ளத்தை இன்றும் அலைக்கழிக்கும் கேள்வி இது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன், இரண்டு வெளிநாட்டுத் துறவிகள் இதே கேள்வியை நம் நாட்டு நகரம் ஒன்றில் எதிர்கொண்டார்கள். அந்த நகரம் பாடலிபுத்திரம், இன்றைய பாட்னா. நமக்கு அது சொந்த மண். சீன நாட்டிலிருந்து வந்த அந்த இருவருக்கோ மலைகளுக்கும் பாலைகளுக்கும் அப்பால் இருந்த அந்நிய நகரம். ஒருவர் பெயர் பாஹியான். மற்றவர் பெயர் தாவோ செங்.

எதைத் தேடி வந்தார்கள்?

பாஹியான் என்ற பெயரைப் பள்ளிப் பாடநூல்களில் நாம் படித்திருக்கிறோம். குப்தர் காலத்து இந்தியாவைப் பற்றிக் குறிப்பு எழுதிய சீனப் பயணி என்று அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் அல்லர். அரசனின் தூதராகவும் வரவில்லை. அவர் காலத்தில் இங்கே ஆட்சி செய்தவன் இரண்டாம் சந்திரகுப்தன். ஆனால் அவனுடைய பெயர் பாஹியானின் பயணநூலில் ஓரிடத்திலும் இல்லை. அரசியல் அவருடைய அக்கறையாக இருக்கவில்லை.

அவருடைய அக்கறை ஒன்றே. சீனாவில் பௌத்தம் பரவியிருந்தது, மடங்கள் இருந்தன, துறவிகளும் இருந்தார்கள். ஆனால் துறவிகள் எப்படி வாழ வேண்டும் என்று கூறும் விநய நூல்கள் முழுமையாக அங்கே வந்து சேரவில்லை. எப்படி உண்பது, எப்படி உடுப்பது, தவறு செய்தவன் அதை எவ்வாறு சங்கத்தின் முன் ஒப்புக்கொள்வது, கருத்து வேறுபாடு வந்தால் எவ்வாறு தீர்ப்பது என்ற ஒழுங்குமுறைகள் அரைகுறையாக இருந்தன. காவி உடை இருந்தது; அதற்குரிய வாழ்க்கையின் இலக்கணம் இல்லை. இந்தக் குறை பாஹியானை வருத்தியது.

கி.பி. 399இல் அவர் சாங்கான் நகரிலிருந்து புறப்பட்டார். இன்று அந்த நகரத்தின் பெயர் சியான். தாவோ செங், ஹுய் ஜிங் முதலிய நால்வர் அவருடன் கிளம்பினார்கள். பாரத நாட்டுக்குச் சென்று விநயத்தைத் தேடுவது என்று ஐவரும் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடு அது. வழியில் மேலும் சிலர் சேர்ந்தார்கள்.

துன்ஹுவாங் நகரைக் கடந்ததும் பாலைவனம். வானத்தில் பறவை இல்லை. தரையில் விலங்கு இல்லை. முன்னர் அவ்வழியே சென்று மாண்டவர்களின் எலும்புகளே வழிகாட்டும் அடையாளங்கள். பதினேழு நாட்கள் அப்படி நடந்தார்கள். போகப் போகத் துணை குறைந்தது. வழிச்செலவுக்குப் பொருள் தேடி மூவர் வேறு ஊருக்குத் திரும்பினார்கள். ஒருவர் வேறு வழியில் பிரிந்து சென்றார். புருஷபுரம், அதாவது இன்றைய பெஷாவர் வரை வந்து, புத்தரின் பிட்சா பாத்திரத்தை வணங்கியதோடு நிறைவடைந்து தாயகம் திரும்பியவர்களும் உண்டு. அந்தப் பாத்திரம் இருந்த மடத்திலேயே ஒருவர் உயிர் நீத்தார்.

இந்தக் கட்டத்தில் தாவோ செங்கைப் பற்றி ஒரு சிறிய செய்தி வருகிறது. முன்னால் சென்ற குழுவில் ஹுய் ஜிங் நோயுற்றபோது, அவரைப் பார்த்துக்கொள்வதற்காகத் தாவோ செங் உடன் தங்கினார். பயண நூலில் அரை வாக்கியமாக வரும் இந்தச் செய்தியை நாம் மறக்கக்கூடாது. பின்னால் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முற்படும்போது இது தேவைப்படும்.

ஹுய் ஜிங் ஓரளவு தேறி எழுந்தார். ஆனால் அடுத்து வந்த பனிமலையைக் கடக்கும்போது, உறைய வைக்கும் காற்றில் அவரால் மேலே செல்ல முடியவில்லை. தன்னை விட்டுவிட்டு விரைந்து செல்லுமாறும், எல்லோரும் இங்கேயே மடிந்துவிட வேண்டாம் என்றும் தோழர்களிடம் கேட்டுக்கொண்டு அவர் உயிர் துறந்தார். பாஹியான் அந்த உடலைத் தடவியபடி அழுதார். பிறகு எழுந்து நடந்தார்.

எஞ்சியவர் இருவர்

மத்திய இந்தியாவை அடைந்தபோது பாஹியானும் தாவோ செங்கும் மட்டுமே எஞ்சியிருந்தார்கள். புறப்பட்டதிலிருந்து அங்கு வந்து சேர ஆறு ஆண்டுகள் ஆயின என்பது பாஹியானின் கணக்கு.

சிராவஸ்தியில், புத்தர் நெடுங்காலம் வாழ்ந்த ஜேதவனத்தில் அவர்கள் நின்றபோது நடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். தாங்கள் எல்லைப்புற நாடொன்றில் பிறந்தவர்கள் என்ற எண்ணமும், உடன் வந்தவர்களில் சிலர் திரும்பிவிட்டதும், சிலர் இறந்துபோனதும் நினைவுக்கு வர, இருவரின் நெஞ்சும் கனத்தது. அங்கிருந்த துறவிகள் வெளியே வந்து, 'எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?' என்று விசாரித்தார்கள். சீன நாடு என்று தெரிந்ததும் வியந்து போனார்கள். அந்த நாட்டுத் துறவிகள் இங்கே வந்ததைத் தாங்கள் இதுவரை கண்டதில்லை என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள்.

துணையோடு பயணம் செய்வதன் ஆழமான பொருள் இங்கே வெளிப்படுகிறது. இன்பத்தைப் பகிர்ந்துகொள்ள வழியில் சந்திப்பவர் எவரும் போதும். இழப்பைப் பகிர்ந்துகொள்ள, அந்த இழப்பு நேர்ந்தபோது உடன் இருந்தவர் வேண்டும். ஹுய் ஜிங் எப்படி இறந்தார் என்பதை ஜேதவனத்தில் நின்ற இருவரும் அறிவார்கள். சுற்றியிருந்த வேறு எவரும் அறியார்கள். அத்தகைய இருவர்தான் பாடலிபுத்திரத்துக்குள் நுழைந்தார்கள்.

அவர்கள் கண்ட நகரம்

பாடலிபுத்திரத்தில் பாஹியான் கண்டவை பல. அசோகரின் அரண்மனைகள் அப்போதும் நகரின் நடுவே நின்றன. கற்களை அடுக்கிய விதத்தையும் செதுக்கு வேலைகளையும் கண்டு, மனிதக் கைகளால் ஆகாதவை என்றும், பூதகணங்கள் கட்டியவை என்றும் மக்கள் நம்பியதை அவர் எழுதியிருக்கிறார். இன்று பாட்னாவின் கும்ராஹார் பகுதிக்குச் செல்பவர், 1912-13ஆம் ஆண்டுகளில் ஸ்பூனர் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட எண்பது தூண் மண்டபத்தின் இடத்தைக் காணலாம். மௌரியர் கால நகரத்தின் எச்சம் அது.

ஆண்டுதோறும் இரண்டாம் மாதம் எட்டாம் நாள் தேர்த்திருவிழா நடந்தது. நான்கு சக்கரங்களின் மேல் மூங்கிலால் ஐந்து அடுக்குகள் கட்டி, வெண்துணி போர்த்தி, வண்ணங்கள் தீட்டிய தேர்கள் இருபது அளவில் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இரவு முழுவதும் விளக்குகள், இசை, வழிபாடு.

அரண்மனையையும் தேரையும் விட நம் உள்ளத்தைத் தொடுவது அடுத்த செய்தி. நகரத்துச் செல்வர்களும் இல்லறத்தாரும் சேர்ந்து மருந்துச்சாலைகளை நிறுவியிருந்தார்கள். ஏழைகள், ஆதரவற்றோர், உறுப்புக் குறைந்தோர், நோயாளிகள் யாராயினும் அங்கே செல்லலாம். மருத்துவர்கள் நோயை ஆராய்ந்து, வேண்டிய உணவும் மருந்தும் அளிப்பார்கள். குணமானதும் தாமே புறப்பட்டுச் செல்வார்கள். பனிமலையில் தோழனை இழந்துவிட்டு வந்த இருவர் இதைக் கண்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பாஹியான் நல்லதை மட்டும் கண்டவரும் அல்லர். மத்திய தேசத்தில் சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஊருக்கு வெளியே வாழ வேண்டியிருந்ததையும், நகருக்குள்ளோ சந்தைக்குள்ளோ வரும்போது மற்றவர்கள் விலகிக்கொள்வதற்காகக் கட்டையைத் தட்டி ஓசை எழுப்ப வேண்டியிருந்ததையும் அவர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். மருந்துச்சாலையின் கருணையும் அந்தக் கட்டை ஓசையின் கொடுமையும் ஒரே நாட்டில் இருந்தன. புண்ணிய பூமி என்று போற்றி வந்த நாட்டிலும் கண்ட குறையைக் கண்டபடி எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது. அந்தக் குறிப்பைப் படித்துத் தலைகுனிய வேண்டியவர்கள் நாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் எதைத் தேடி வந்தார்களோ அது பாடலிபுத்திரத்தில் இருந்தது. அசோக ஸ்தூபியின் அருகே ஒரு மகாயான மடமும் ஒரு ஹீனயான மடமும் இருந்தன. இரண்டிலும் சேர்ந்து அறுநூறு, எழுநூறு துறவிகள். நடையிலும் பேச்சிலும் அமர்வதிலும் எழுவதிலும் ஒழுங்கு. வட இந்தியாவில் விநயம் ஆசிரியர் வாயால் சொல்ல மாணவர் மனத்தில் பதித்துக்கொள்வதாகவே இருந்தது. படியெடுக்க ஏடு இல்லை. பாடலிபுத்திரத்து மகாயான மடத்திலோ மகாசங்கிக விநயம் எழுத்து வடிவில் கிடைத்தது.

ஒரே காட்சி, இரண்டு முடிவுகள்

இருவரும் ஒரே மடத்தைக் கண்டார்கள். ஒரே ஒழுக்கத்தைக் கண்டார்கள். தம் நாட்டில் விநயம் சிதைந்து கிடப்பதை எண்ணி இருவரும் வருந்தினார்கள். இதுவரை வேறுபாடு ஏதுமில்லை.

தாவோ செங் முடிவு செய்தார்: புத்தநிலையை அடையும் வரை இனி எல்லைப்புற நாட்டில் தமக்குப் பிறவி வேண்டாம். அவர் பாடலிபுத்திரத்திலேயே தங்கிவிட்டார், தாயகம் திரும்பவில்லை.

பாஹியானின் எண்ணம் வேறு. விநயத்தைச் சீன நாடு முழுவதும் பரவச் செய்ய வேண்டும் என்பதே அவர் முதலில் கொண்ட நோக்கம். அதனால் அவர் தனியே திரும்பினார்.

பல்லாயிரம் மைல்களை ஒன்றாகக் கடந்து, மரணத்தை ஒன்றாகச் சந்தித்து, தேடியதை ஒன்றாகக் கண்டடைந்த இடத்தில் இருவரும் பிரிந்தார்கள். பாலைவனமும் பனிமலையும் பிரிக்க முடியாதவர்களை, கண்டடைந்த நன்மை பிரித்தது.

தங்கியது தவறா?

மேலோட்டமாகப் பார்த்தால் தீர்ப்பு எளிது. பாஹியான் தியாகி, தாவோ செங் தன்னலம் பேணியவர். ஒருவர் உலகுக்காக வாழ்ந்தார். மற்றவர் தன் முக்திக்காக வாழ்ந்தார். இப்படிச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நோயுற்ற தோழனுக்காகப் பயணத்தை நிறுத்தி உடன் தங்கிய மனிதரைத் தன்னலக்காரர் என்று சொல்ல நா எழுமா?

தாவோ செங்கின் பக்கத்து நியாயத்தை எண்ணிப் பார்ப்போம். விநயம் என்பது வாழ்ந்து காட்ட வேண்டியது. ஏடுகளில் மட்டும் இருக்கும் விநயம், அடுப்பேறாத அரிசி போன்றது. வாழ்பவர் நடுவே வாழ்ந்தே அதைக் கற்க முடியும். பழக்கத்தின் வலிமை பெரிது. ஒழுங்கு குலைந்த இடத்துக்குத் திரும்பினால், பக்குவப்படாத ஒருவன் இரண்டு ஆண்டுகளில் பழையபடி ஆகிவிடுவான். இளஞ்செடிக்கு வேலி தேவை. மேலும், உலகில் விநயத்தை உண்மையாக வாழும் துறவி ஒருவர் கூடினால், விநயம் அந்த அளவுக்கு வளர்ந்ததாகத்தானே பொருள்? அது பாடலிபுத்திரத்தில் நடந்தால் என்ன, சாங்கானில் நடந்தால் என்ன?

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. ஐவரும் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடு என்ன ஆயிற்று? அவர்களில் இருவர் அதற்காக உயிரையே கொடுத்தார்கள். அந்த உடன்பாட்டைத் தாவோ செங் மீறிவிட்டார் அல்லவா?

உடன்பாட்டின் சொற்களை மீண்டும் கவனிக்க வேண்டும். விநயத்தைத் தேடுவது என்பதே அவர்கள் கூடிச் செய்த முடிவு. தேடல் எங்கே நிறைவடைகிறது என்று அவர்கள் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. புறப்படும்போது அதைப் பேசவும் முடியாது. கிடைத்த இடத்தில் தேடல் முடிந்தது என்று ஒருவர் உணர்ந்தார். கிடைத்தது பாதி, கொண்டு சேர்ப்பது மறுபாதி என்று மற்றவர் உணர்ந்தார். ஒரே சங்கல்பத்தைச் சொன்ன இருவர், அதன் முழுப் பொருளைப் பயணத்தின் முடிவில்தான் அறிந்தார்கள். சுதர்மம் என்று நம் சாஸ்திரங்கள் கூறுவது இத்தகைய இடங்களில்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அருகில் நிற்பவரின் சுதர்மம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதைக் கடன் வாங்கி வாழ முடியாது.

திரும்பியது மட்டும் போதுமா?

பாஹியானின் முடிவையும் இதே கண்டிப்புடன் ஆராய வேண்டும். தாயகம் திரும்புவது எப்போதும் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. ஊர்ப் பாசத்தால் திரும்புபவர் உண்டு. வெளிநாட்டில் கண்டதைச் சொல்லிப் பெருமை அடையத் திரும்புபவரும் உண்டு. 'அங்கே எல்லாம் எப்படி இருக்கிறது தெரியுமா? இங்கே எதுவும் உருப்படாது' என்று வாழ்நாள் முழுவதும் குறை கூறிக்கொண்டிருப்பதற்காகவே திரும்பியவர்களை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். அவர்கள் உடலால் திரும்பினார்கள். கையில் எதையும் கொண்டுவரவில்லை.

பாஹியான் என்ன செய்தார்? தாவோ செங் தங்குவதற்கு முடிவு செய்த அந்த நகரத்தில் அவரும் மூன்று ஆண்டுகள் தங்கினார். இளமையைக் கடந்த வயதில், சமஸ்கிருத மொழியையும் எழுத்தையும் மாணவனாக அமர்ந்து கற்றார். பிறகு விநய நூல்களைத் தம் கையாலேயே படியெடுத்தார். மகாசங்கிக விநயத்தோடு, ஏறத்தாழ ஏழாயிரம் கிரந்தங்கள் கொண்ட சர்வாஸ்திவாத விநயம் ஒன்றும் வேறு சில சூத்திரங்களும் அவருக்குக் கிடைத்தன. தேர்த்திருவிழாவையும் அரண்மனையையும் காணச் சில நாட்கள் போதும். ஒரு நன்மையைச் சுமந்து செல்லத் தக்கவராக ஆவதற்கு மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

வியப்பு எளியது, அது தானே வரும். உழைப்பு அப்படி வராது. வெளியூரில் ஒரு நல்ல வழக்கத்தைக் கண்டு வியப்பவர் ஆயிரம் பேர் என்றால், அது எவ்வாறு உருவாயிற்று, எந்தப் பயிற்சியால் நிலைத்து நிற்கிறது, நம் ஊருக்கு ஏற்ப அதை எப்படி அமைப்பது என்று எழுத்துக்கூட்டிக் கற்பவர் ஒருவரே. தாயகத்துக்குப் பயன்படுவது அந்த ஒருவரின் வருகை.

பட்டு விசிறி

பாடலிபுத்திரத்தை விட்டுப் புறப்பட்ட பாஹியான் கங்கையின் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, தாம்ரலிப்தித் துறைமுகத்தை அடைந்தார். அங்கே இரண்டு ஆண்டுகள் சூத்திரங்களைப் படியெடுப்பதிலும் திருவுருவங்களை வரைந்துகொள்வதிலும் கழிந்தன. பிறகு வணிகக் கப்பலில் ஏறிப் பதினான்கு நாட்களில் சிங்களத் தீவை அடைந்தார்.

அங்கே தலைநகரில் உள்ள அபயகிரி விகாரையில் பச்சை மணிக்கல்லால் ஆன பெரிய புத்தர் திருவுருவம் ஒன்று இருந்தது. ஒருநாள் அதன் அருகே நின்றபோது, வணிகன் ஒருவன் வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டார். அது சீன நாட்டில் செய்த விசிறி. அவருடைய கண்கள் நிறைந்து நீர் வழிந்தது.

தாயகத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழகிய மனிதர் எல்லோரும் அந்நியர். கண்ட மலையும் ஆறும் செடியும் மரமும் எல்லாம் புதியவை. உடன் வந்தவர்களில் சிலர் இறந்தார்கள், சிலர் தங்கிவிட்டார்கள், சிலர் பிரிந்து போனார்கள். தம் நிழலைத் தவிர வேறு துணை இல்லை என்ற நிலையில் இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அனுராதபுரத்தின் மணிகளும் பொன்னும் அவரை அசைக்கவில்லை. ஒரு விசிறி அசைத்துவிட்டது. இந்த முறை, 'பார்த்தீர்களா?' என்று திரும்பிச் சொல்ல அருகில் யாரும் இல்லை.

இதை அவர் மறைக்காமல் எழுதியது நமக்குச் செய்த பேருதவி. லட்சியத்துக்காகத் துணையைப் பிரிந்தவருக்கு வலி இருக்காது என்று நாம் எண்ணிவிடுகிறோம். வலி இல்லாமையை வைராக்கியம் என்று தவறாகப் புரிந்துகொள்கிறோம். வலியை உணர்ந்தபடியே, எடுத்த பணியிலிருந்து வழுவாமல் இருப்பதே வைராக்கியம். கண்ணீர் வடித்த அதே தீவில் அவர் இரண்டு ஆண்டுகள் தங்கி, சீனாவில் இல்லாத மகீசாசக விநயத்தையும் வேறு நூல்களையும் தேடிப் பெற்றார் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

திரும்பும் கடற்பயணத்தில் புயல் வந்து கப்பலில் நீர் புகுந்தது. வணிகர்கள் சுமையைக் கடலில் எறிந்தார்கள். பாஹியான் தம் நீர்க்குடத்தையும் பிற உடைமைகளையும் தாமே எறிந்தார். நூல்களையும் திருவுருவங்களையும் பிறர் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ என்பதே அவருடைய அச்சம். கி.பி. 412இல் சீனாவின் கிழக்குக் கரையில் அவர் இறங்கியபோது நூல்கள் அவரிடம் இருந்தன. பின்னர் நான்கிங் நகரில், இந்தியத் துறவியான புத்தபத்திரருடன் சேர்ந்து மகாசங்கிக விநயத்தை மொழிபெயர்த்தார்.

விளைவு தீர்ப்புச் சொல்லுமா?

யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் வந்தபோது பாடலிபுத்திரம் பாழடைந்து கிடந்தது. மகாசங்கிக விநயம் முழு அளவில் இன்று சீன மொழிபெயர்ப்பில்தான் கிடைக்கிறது. நகரம் அழிந்தது, சுமந்து சென்றது நிலைத்தது. இதைக் கொண்டு, திரும்பியவரே சரியானவர் என்று சொல்லிவிடலாமா?

அப்படிச் சொன்னால், விளைவைக் கொண்டு அறத்தை அளந்தவர்கள் ஆவோம். அந்தக் கப்பல் புயலில் மூழ்கியிருந்தால் பாஹியானின் முடிவு தவறாகியிருக்குமா? ஆகியிருக்காது. ஏடுகள் கடலடியில் கிடந்தாலும் அந்த முடிவின் தூய்மை குறையாது. அதேபோல, தாவோ செங்கின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி வரலாறு ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதால் அந்த வாழ்க்கை வீணானது என்று பொருளாகாது. அவரிடம் விநயம் கற்ற ஓர் இளந்துறவி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நல்லதை வாழ்ந்து, அடையாளம் இல்லாமல் மறைவதும் ஒரு முழுமையான வாழ்க்கையே. பதிவு பெற்ற நன்மைகளை மட்டுமே நம்பி உலகம் நிற்கவில்லை.

தாவோ செங் என்ற பெயரை நாம் இன்று அறிவது பாஹியான் எழுதியதால். அவரைப் பற்றிய கடைசிக் குறிப்பில் குற்றச்சாட்டு இல்லை; ஏமாற்றம் இல்லை; தம் முடிவே உயர்ந்தது என்ற குறிப்பும் இல்லை. அவர் எதைக் கண்டார், ஏன் தங்கினார் என்பதைச் சொல்லி, அடுத்து தாம் ஏன் தனியே திரும்பினார் என்பதைச் சொல்கிறார். அவ்வளவே. கூடிச் செய்த உடன்பாட்டிலிருந்து தோழனை விடுவிக்க உரிமை உள்ளவர் உயிருடன் எஞ்சிய மற்றொரு தோழன் மட்டுமே. பழிக்காத அந்த வரிகளில் அந்த விடுதலை இருப்பதாகக் கொள்ளலாம்.

துணைவனின் கடமை என்ன என்பதும் இங்கே தெளிவாகிறது. பாலையில் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நோயில் உடன் தங்க வேண்டும். மரணத்தில் அழ வேண்டும். ஆனால் கண்ட நன்மைக்கு அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அவருக்காக நாம் முடிவு செய்யக்கூடாது.

கண்டதன் கடன்

நன்மையைக் காண்பது ஒரு கடனை ஏற்பதாகும். காணாதவனுக்கு அந்தக் கடன் இல்லை, கண்டவனுக்கு உண்டு. அதை இரண்டு வழிகளில் தீர்க்கலாம். கண்ட நன்மையாகவே மாறிவிடுவது ஒன்று. தாவோ செங் அதைச் செய்தார். அதைக் காண முடியாதவர்களிடம் கொண்டு சேர்ப்பது மற்றொன்று. பாஹியான் அதைச் செய்தார். முதலாமவர் தாய்நாட்டைக் கொடுத்தார். இரண்டாமவர் தோழனையும் தாம் நேசித்த புண்ணியத் தலங்களையும் கொடுத்தார். இருவரும் விலை கொடுத்தார்கள்.

விலை கொடுக்காத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. கண்டு வியந்து, படம் பிடித்து, புகழ்ந்து பேசி, பேசியதாலேயே கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது அந்த வழி. நம்மில் பெரும்பாலோரின் சுற்றுலா இந்த மூன்றாவது வழியில்தான் முடிகிறது.

வெளிநாட்டில் தங்கிவிட்ட பிள்ளையைப் பழிக்கும் பெற்றோரும், ஊர் திரும்பிய நண்பனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று கேலி செய்பவரும் இந்த இரண்டு துறவிகளை எண்ணிப் பார்க்கலாம். தங்கியவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: எந்த நன்மைக்காகத் தங்கினேனோ, அதை நான் வாழ்கிறேனா, அல்லது அதன் வசதியை மட்டும் அனுபவிக்கிறேனா? திரும்பியவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது: நான் எதைக் கற்றுக் கொண்டுவந்தேன், அல்லது குறை கூறும் பழக்கத்தை மட்டும் கொண்டுவந்தேனா? இந்தக் கேள்விகளை அடுத்தவர் நம்மிடம் கேட்டால் அது பழி. நாமே நம்மிடம் கேட்டுக்கொண்டால் அது விவேகம்.

அடுத்த முறை ஓர் அறியாத ஊருக்குச் செல்லும்போது, நம் ஊரில் இல்லாத ஒரு நன்மையாவது நிச்சயம் கண்ணில் படும். அது ஒரு மருத்துவமனையின் பரிவாக இருக்கலாம். ஒரு பள்ளியின் ஒழுங்காக இருக்கலாம். முன்பின் தெரியாதவருக்கு வழி சொல்லும் ஒருவரின் பொறுமையாக இருக்கலாம். அதைத் துணைவருக்குச் சுட்டிக் காட்டுவோம். பிறகு, அது நம்மிடம் கேட்பது என்ன என்று சற்று நேரம் மௌனமாகச் சிந்திப்போம். துணைவருக்கு வேறு விடை தோன்றினால், பாஹியானைப் போல அதைப் பழியின்றி ஏற்றுக்கொண்டு, நமக்குரிய மூன்று ஆண்டு உழைப்பைத் தொடங்குவோம்.